எண்ணிக்கை இரத்தத்தில், காரணம் எலும்பில்: குழந்தைகளுக்குச் செய்யும் மஜ்ஜைப் பரிசோதனை

நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் இரத்தப் பரிசோதனை அறிக்கை இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஹீமோகுளோபின் 6.2, வெள்ளணுக்கள் 2,100, தட்டணுக்கள் 18,000. அந்த வயதில் ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்க வேண்டும். வெள்ளணுக்கள் 5,000-க்கு மேலும், பிளேட்லெட் என்று நாம் சொல்லும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருப்பதுதான் இயல்பு. இங்கே மூன்றுமே சரிந்திருக்கின்றன. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அந்தத் தாள் துல்லியமாகச் சொல்கிறது; ஏன் குறைந்தது என்பதைச் சொல்லவில்லை. மருத்துவர் அடுத்து எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வேண்டும் என்கிறார். அதைக் கேட்டதும் வீடே கலங்கிப்போகிறது.

கலங்குவதில் வியப்பில்லை. எலும்புக்குள் ஊசி, மயக்க மருந்து, புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சம், இவை எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. ஆனால் இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுகிற விஷயங்கள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. உண்மையிலேயே கவனம் வைக்க வேண்டிய சில விஷயங்களோ யார் காதிலும் விழுவதில்லை. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரத்தத்தில் ஏதாவது ஒரு வகை அணு குறைந்தால் அதற்கு இரண்டு விதத்தில்தான் விளக்கம் இருக்க முடியும். போதிய அளவு உற்பத்தியாகவில்லை என்பது ஒன்று. உற்பத்தியாகி வெளியே வந்த பிறகு அழிந்துபோகிறது, கசிந்து வெளியேறுகிறது, அல்லது வீங்கிய மண்ணீரலில் சிக்கிக்கொள்கிறது என்பது மற்றொன்று. வயலில் பயிர் அடர்த்தியாக இல்லையென்றால் நாற்றங்காலிலேயே நாற்று எழும்பவில்லையா, நட்ட பிறகு பூச்சி அரித்துவிட்டதா என்று பார்ப்போம் அல்லவா? இரத்தத்தின் நாற்றங்கால் எலும்பு மஜ்ஜை. கையிலிருந்து எடுக்கும் இரத்தம் வயலை மட்டுமே காட்டும்.

எலும்பு என்பது உள்ளே முழுக்கக் கெட்டியான பொருள் அல்ல. அதன் நடுவிலும் முனைகளிலும் பஞ்சுபோன்ற பகுதி இருக்கிறது. அந்த இடுக்குகளில் நிறைந்திருக்கும் மிருதுவான, செந்நிறமான திசுதான் மஜ்ஜை. அதிலுள்ள ஸ்டெம் செல்கள் பிரிந்து, படிப்படியாக முதிர்ந்து, சிவப்பணுக்களாகவும் வெள்ளணுக்களாகவும் தட்டணுக்களாகவும் மாறி இரத்தத்தில் கலக்கின்றன. இந்த வேலை ஒரு நொடிகூட நிற்பதில்லை, நிற்கவும் கூடாது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாட்கள். கிருமிகளை எதிர்க்க முதலில் ஓடிவரும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு நாள்தான் தாக்குப்பிடிக்கும். ஆகவே மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்தால் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் முதலில் சரியும். இரத்தசோகை மெதுவாகப் பின்தொடரும். காய்ச்சல் விடாமல் அடிப்பது, அடிபடாமலே உடலில் கன்றிய தடங்கள் தோன்றுவது, முகம் வெளிறுவது என அறிகுறிகள் வெவ்வேறு திசைகளிலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான். அவற்றின் வேர் ஒன்றாக இருக்கலாம்.

குழந்தைகளின் மஜ்ஜை பெரியவர்களுடையதைப் போன்றது அல்ல. பிறந்த குழந்தையின் உடலில் ஏறக்குறைய எல்லா எலும்புகளிலும் இரத்தம் உற்பத்தியாகிறது, விரல் எலும்புகள் உட்பட. வளர வளரக் கைகால் எலும்புகளில் உள்ள செம்மஜ்ஜை கொழுப்பு மஜ்ஜையாக மாறிவிடும். பெரியவர்களிடம் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, மண்டை ஓடு போன்ற இடங்களில்தான் உற்பத்தி தொடர்கிறது. இரத்தப் புற்றுநோய் வந்த சிறு குழந்தை கால் வலிக்கிறது என்று இரவில் அழுவதும், திடீரென்று நொண்டுவதும், நடக்க மறுத்துத் தூக்கச் சொல்வதும் இதனால்தான். கால் எலும்புகளுக்குள்ளும் மஜ்ஜை இருக்கிறது. அதில் நோயணுக்கள் நெருக்கியடித்துப் பெருகும்போது எலும்பு வலிக்கிறது.

எப்போது தேவையில்லை?

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கு வரும் பெரும்பாலான இரத்தக் குறைபாடுகளுக்கு மஜ்ஜையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையை இரத்த அணுக்களின் அளவும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் காட்டிக்கொடுத்துவிடும். தலசீமியாவையும் அரிவாள் அணு நோயையும் கண்டறிய ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் இரத்தப் பரிசோதனை போதும். ஹீமோஃபிலியாவில் குறைவது கல்லீரல் தயாரிக்கும் உறைதல் புரதம். அங்கே மஜ்ஜைக்கு வேலையே இல்லை. வைட்டமின் பி12 குறைந்தால் மூன்று வகை அணுக்களும் ஒன்றாகச் சரிந்து, பார்ப்பதற்கு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயைப் போலவே தோன்றலாம். பி12 குறைந்த தாயின் பாலை மட்டுமே குடித்து வளரும் கைக்குழந்தைகளிடம் இது நடக்கிறது. இரத்தத்தில் அந்த வைட்டமினை அளந்து பார்த்தால் பல நேரங்களில் விடை கிடைத்துவிடும். ஊசி மருந்து கொடுத்ததும் குழந்தை சில நாட்களிலேயே தெளிவதைக் காணலாம்.

இன்னொன்று ஐ.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நோய். நேற்றுவரை ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தையின் உடலில் இன்று காலை குத்தூசி முனையளவு சிவப்புப் புள்ளிகளும் நீலத் திட்டுகளும் தோன்றுகின்றன. சில வாரங்களுக்கு முன் சளிக்காய்ச்சல் வந்துபோயிருக்கும். தட்டணு எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே இருக்கலாம். ஆனால் ஹீமோகுளோபினும் வெள்ளணுக்களும் இயல்பாகவே இருக்கின்றன, கல்லீரல் மண்ணீரல் வீங்கவில்லை, குழந்தை சோர்ந்துபோகவில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தட்டணுக்களையே தவறாக அழிப்பதால் வருவது இது. மஜ்ஜை நன்றாகவே உழைத்துக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் இத்தகைய குழந்தைகளுக்கும் மஜ்ஜைப் பரிசோதனை செய்வது வழக்கமாக இருந்தது. அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐ.டி.பி.க்கே உரிய அடையாளங்கள் தெளிவாக இருந்தால் அது தேவையில்லை என்று சொல்லிவிட்டது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சரியாகிவிடுகிறது.

அப்படியானால் எந்தக் குழந்தைக்குத் தேவை? மூன்று வகை அணுக்களில் இரண்டோ மூன்றோ ஒன்றாகக் குறைந்து காரணம் பிடிபடாதபோது. இரத்தப் பூச்சில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத அணுக்கள் தென்படும்போது. விடாத காய்ச்சலோடு மண்ணீரலும் கல்லீரலும் வீங்கியிருக்கும்போது. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டி, அணுக்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கும்போது. நரம்புத் திசுவில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா போன்ற கட்டி மஜ்ஜைவரை பரவியிருக்கிறதா என்று அறிய வேண்டியபோது. இவற்றில் எதுவாக இருந்தாலும், கருவி தந்த எண்களை மட்டும் நம்பாமல், இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி அனுபவமுள்ள ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்திருக்க வேண்டும். இந்த இரத்தப் பூச்சுப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. பல குழந்தைகளை ஊசியிலிருந்து காப்பாற்றுவதும், சிலரை உரிய நேரத்தில் ஊசிக்கு அனுப்புவதும் அதுதான்.

ஸ்டீராய்டு பற்றி ஓர் எச்சரிக்கை

முன்பே சொன்ன, யார் காதிலும் விழாத விஷயங்களில் முதன்மையானது இது. மூட்டுவலி, காய்ச்சல், தட்டணுக் குறைவு என்று வரும் குழந்தைக்குக் காரணத்தை உறுதி செய்யாமல் பிரெட்னிசொலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளைக் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. குழந்தையும் இரண்டு நாளில் சிரித்து விளையாடத் தொடங்கும். நோய் உண்மையில், நிணவணு (லிம்போசைட்) என்ற வெள்ளணு வகையில் தோன்றும் லுகேமியா என்றால், அதே ஸ்டீராய்டு அந்த நோய்க்கான சிகிச்சை மருந்துகளில் ஒன்று. அரைகுறையாகக் கொடுத்த சில வேளை மருந்தே நோயணுக்களில் ஒரு பகுதியை அழித்து, மஜ்ஜைப் படத்தைக் குழப்பிவிடும். பிறகு எடுக்கும் பரிசோதனையில் விடை தெளிவாகத் தெரியாமல் போகலாம். நோய் வாரக்கணக்கில் ஒளிந்திருந்து மீண்டும் தலையெடுக்கலாம். எந்த அளவு தீவிரமான சிகிச்சை தேவை என்று கணக்கிடுவதும் தடுமாறும்.

எனவே காரணம் தெரியாத இரத்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு ஸ்டீராய்டு எழுதப்பட்டால், லுகேமியா இல்லை என்று உறுதி செய்தாகிவிட்டதா என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால், என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை மஜ்ஜைப் பரிசோதனை செய்யும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஊசி எங்கே போகிறது?

தண்டுவடத்தில் குத்துகிறார்களாமே, கால் விளங்காமல் போய்விடுமா என்பதுதான் பெற்றோர் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி. இல்லை. ஊசி தண்டுவடத்தின் பக்கமே போவதில்லை. முதுகின் கீழ்ப்பகுதியில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, இருபுறமும் தோலில் சிறு குழிகள் தெரியும். அங்கே தோலுக்கு அடியில் கையால் தொட்டால் தட்டுப்படும் கெட்டியான மேடு இடுப்பெலும்பின் பின்முனை. ஊசி இறங்குவது அந்த மேட்டில்தான். நடைபழகாத கைக்குழந்தைகளுக்குச் சில நேரம் முழங்காலுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் தட்டையான உட்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். முன்பே சொன்னபடி அந்த வயதில் அங்கேயும் செம்மஜ்ஜை இருக்கிறது. 1929-இல் ரஷ்ய மருத்துவர் மிகயில் அரின்கின் மார்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கும் முறையை விவரித்தார். இன்றைய முறைக்கு அதுவே முன்னோடி. ஆனால் குழந்தைகளின் மார்பெலும்பு மெல்லியது, அதன் பின்னால் இதயமும் பெரிய இரத்தக்குழாய்களும் இருக்கின்றன. ஆகவே குழந்தைகளுக்கு அந்த இடம் கூடாது.

குழப்பம் வருவதற்கு ஒரு காரணமும் உண்டு. முதுகெலும்பு இடுக்கில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீரை எடுப்பது முற்றிலும் வேறொரு பரிசோதனை. லுகேமியா சந்தேகிக்கப்படும் குழந்தைக்கு, இரண்டு முறை மயக்க மருந்து கொடுக்க வேண்டாமே என்பதற்காக, இரண்டையும் ஒரே மயக்கத்தில் அடுத்தடுத்துச் செய்வதுண்டு. அந்த ஊசியும் தண்டுவடம் முடிந்த பிறகு வரும் கீழ் இடுக்கில்தான் நுழைகிறது. என்ன செய்யப்போகிறார்கள், ஒன்றா இரண்டா என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாக, திட உணவு கொடுத்து 6 மணி நேரமும், தாய்ப்பால் கொடுத்து 4 மணி நேரமும், தண்ணீர் கொடுத்து 2 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை இது சற்று மாறும். அழுகிறானே என்று யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவது பாசம்தான், ஆனால் ஆபத்து. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். அந்த நாளில் பெற்றோர் கையில் இருக்கும் மிகப்பெரிய பொறுப்பு இந்தப் பட்டினியைக் காப்பதுதான்.

குழந்தை தூங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கி, தோலைக் கிருமிநாசினியால் துடைக்கிறார்கள். தோலும் எலும்பின் மேலுறையும் மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி போடுகிறார்கள். பிறகு, நடுவில் ஒரு கம்பி பொருத்திய தடித்த ஊசியை மெதுவாகத் திருகியபடியே உள்ளே அழுத்துகிறார்கள். கெட்டியான மேல்தட்டைத் தாண்டியதும் எதிர்ப்புச் சட்டென்று தளர்வது மருத்துவரின் கைக்குத் தெரியும். கம்பியை உருவிவிட்டு, சிரிஞ்சைப் பொருத்தி, ஒரே வேகத்தில் உறிஞ்சுகிறார்கள். இந்த உறிஞ்சும் கணத்தில் வரும் சுரீர் வலியை மரத்துப்போகும் ஊசியால் தடுக்க முடியாது. அது மேல்தோலையும் எலும்பின் உறையையும்தான் மரக்கவைக்கிறது. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கட்டாயம் வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரு நிமிட வலிதானே என்று நான்கு பேர் பிடித்துக்கொண்டு செய்வது கொடுமை. சிகிச்சை நீளும்போது இந்தப் பரிசோதனை திரும்பத் திரும்பத் தேவைப்படலாம்; முதல் அனுபவமே பயங்கரமாக இருந்துவிட்டால், பிறகு மருத்துவமனை வாசலைப் பார்த்தாலே குழந்தை நடுங்கும்.

முதல் உறிஞ்சலில் எடுப்பது அரை மில்லிலிட்டருக்கும் குறைவு. பேராசைப்பட்டு அதிகம் இழுத்தால் சுற்றியுள்ள இரத்தம் வந்து கலந்து மஜ்ஜை நீர்த்துப்போகும். இந்தத் துளிகள் நொடிகளில் உறையத் தொடங்கிவிடும் என்பதால் ஆய்வக ஊழியர் படுக்கை அருகிலேயே காத்திருப்பார். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, தகட்டைச் சாய்க்கிறார். இரத்தம் வழிந்து இறங்க, வெளிர்நிறத்தில் பொடிப்பொடியாய்ச் சில துகள்கள் மட்டும் தகட்டில் தங்கி, கொழுப்பின் பளபளப்போடு மின்னும். அவைதான் மஜ்ஜைத் துகள்கள். அவை தெரிந்தால் சரியான இடத்திலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். தெரியாவிட்டால் வந்தது வெறும் இரத்தம். ஊசியைச் சற்று நகர்த்தி மீண்டும் எடுக்க வேண்டும். இந்தச் சில நொடிச் சோதனையைத் தவறவிட்டால், ஒரு வாரம் கழித்து ‘மாதிரி போதவில்லை’ என்று அறிக்கை வரும், குழந்தையை மறுபடியும் பட்டினி போட்டுப் படுக்கவைக்க நேரும். துகள்கள் தெரிந்த பிறகு, குரோமோசோம் ஆய்வு போன்ற மற்றப் பரிசோதனைகளுக்காக இன்னும் சில மில்லிலிட்டர் எடுத்துக்கொள்வார்கள்.

சில குழந்தைகளுக்கு இதோடு பயாப்சியும் செய்வார்கள். ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் எலும்பும் மஜ்ஜையும் சேர்ந்த ஒரு சிறு துண்டை எடுப்பது அது. இன்று உலகெங்கும் இதற்குப் பயன்படும் ஊசி வடிவத்தை 1971-இல் கோஸ்ரோ ஜம்ஷிதி வெளியிட்டார். அவர் பெயராலேயே அந்த ஊசி அழைக்கப்படுகிறது. உறிஞ்சிய துளியில் அணுக்கள் தனித்தனியாக, நுட்பமாகத் தெரியும். ஆனால் அவை தங்கள் இடத்தில் எப்படி அமைந்திருந்தன, எவ்வளவு அடர்ந்திருந்தன என்பது துண்டில்தான் தெரியும். மஜ்ஜை வறண்டுபோகும் ஏபிளாஸ்டிக் இரத்தசோகையை உறுதி செய்யத் துண்டு இல்லாமல் முடியாது. உறிஞ்சும்போது ஒன்றுமே வராமல் போவதும் உண்டு. உள்ளே அணுக்கள் அளவுக்கு மீறி நெருக்கியிருந்தாலோ நார்த்திசு படர்ந்திருந்தாலோ அப்படி ஆகும். அதுவே ஒரு தடயம்.

மஜ்ஜையை எடுத்துவிட்டால் குழந்தை பலவீனமாகிவிடாதா என்று கேட்பார்கள். எடுப்பது ஒரு தேக்கரண்டி இரண்டு தேக்கரண்டிதான். ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் திசு என்பதால் அது விரைவில் ஈடாகிவிடும். ஆபத்தைப் பொறுத்தவரை, பிரிட்டனில் சுமார் 55,000 மஜ்ஜைப் பரிசோதனைகளை அலசிய ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. குறிப்பிடத்தக்க சிக்கல் ஏற்பட்டது 26 பேருக்கு. தட்டணு குறைந்திருக்கிறதே, இரத்தம் நிற்காதே என்ற கவலையும் பெரும்பாலும் தேவையற்றது. சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஹீமோஃபிலியா போன்ற உறைதல் குறைபாடு இருந்தால்தான் முன்கூட்டியே அதைச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் சொல்லிவிட வேண்டும். ஊசி குத்திய இடத்தில் போட்ட கட்டு ஒரு நாள் ஈரம் படாமல் இருந்தால் போதும். இரண்டொரு நாள் அந்த இடம் நோகும், பாராசிட்டமால் கொடுக்கலாம். இரத்தம் கசிந்துகொண்டே இருந்தாலோ, சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்ப வர வேண்டும். வெள்ளணு குறைந்த குழந்தைக்கு வரும் காய்ச்சலை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று எப்போதும் தள்ளிப்போடக் கூடாது.

நுண்ணோக்கியின் கீழே

தகடு உலர்ந்ததும் சாயமேற்றுகிறார்கள். நோயியல் மருத்துவர் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் மொத்தக் காட்சியையும் பார்க்கிறார்: அணுக்கள் அடர்ந்திருக்கின்றனவா, கொழுப்பு மிஞ்சியிருக்கிறதா, தட்டணுக்களைப் பெற்றெடுக்கும் மெகாகேரியோசைட் என்ற பேரணுக்கள் இருக்கின்றனவா? பிறகு உருப்பெருக்கத்தைக் கூட்டி, ஒவ்வோர் அணுவாக வகை பிரித்து எண்ணுகிறார். 500 அணுக்களையாவது எண்ண வேண்டும் என்பது சர்வதேச ஆய்வகத் தரம். இயல்பான மஜ்ஜையில் பிளாஸ்ட் அணுக்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. லுகேமியாவில் அவை 20 அல்லது 25 சதவீதத்தைத் தாண்டும். பல குழந்தைகளிடம் தகடு முழுவதும் அவையாகவே இருக்கும், ஒரே அச்சில் வார்த்தாற்போல.

இங்கே குழந்தைகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சிறு வயதில், அதுவும் தொற்று வந்துபோன பிறகு, ஹெமட்டோகோன் எனப்படும் இளம் நிணவணுக்கள் மஜ்ஜையில் இயல்பாகவே பெருகியிருக்கும். அவை லுகேமியா அணுக்களைப் போலவே தோற்றமளிக்கும். பெரியவர்களின் மஜ்ஜையையே பார்த்துப் பழகிய கண்கள் இவற்றைக் கண்டு ஏமாறலாம். உருவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், அணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களையும் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவியில் அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன் ஓடவிட்டு, அவை சி.டி. 19, சி.டி. 10, சி.டி. 3 போன்ற எந்தெந்த அடையாளங்களைத் தாங்கியிருக்கின்றன என்று அளக்கிறார்கள். நோய் நிணவணு சார்ந்ததா, மஜ்ஜையின் மற்ற அணுக்களின் வழிவந்த மைலாய்டு வகையா, நிணவணு என்றால் அதில் பி வகையா, டி வகையா என்பது தெளிவாகிவிடும். சிகிச்சை மருந்துகளே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

அடுத்தது குரோமோசோம்கள். ஒரே பெயருள்ள லுகேமியாவுக்குள் பல நோய்கள் இருக்கின்றன. 12-ஆம், 21-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்ட வகை, பி வகை நிணவணு லுகேமியா வந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் காணப்படுகிறது. சிகிச்சைக்கு நன்றாகப் பணியும். சாதாரணக் குரோமோசோம் படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. ஃபிஷ் எனப்படும் ஒளிரும் குறியீட்டு முறையில்தான் பிடிபடும். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் மாறிக்கொண்டு உருவாவது பிலடெல்ஃபியா குரோமோசோம். சில குழந்தைகளிடமே காணப்படும் இந்த வகை ஒரு காலத்தில் மிகக் கொடியதாக இருந்தது. இன்று அதைக் குறிவைத்துத் தாக்கும் இமாடினிப் போன்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதால் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்? அவசரமாகச் சிகிச்சையைத் தொடங்கி, இந்த மாதிரிகளை எடுக்காமல் விட்டுவிட்டால், முதல் நாள் மஜ்ஜை திரும்ப வராது. 1960-களின் தொடக்கத்தில் நிணவணு லுகேமியா வந்த குழந்தைகளில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. நல்ல சிகிச்சை வசதியுள்ள இடங்களில் இன்று பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு மருந்து என்று பிரித்தறியும் இந்த நுட்பத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

மஜ்ஜையில் தெரிவது எல்லாம் புற்றுநோய் அல்ல. பிறந்த முதல் ஆண்டிலேயே கடுமையாக வெளிறிப்போகும் குழந்தையின் மஜ்ஜையில் மற்ற எல்லா அணுக்களும் இருந்து, சிவப்பணுவின் முன்னோடிகள் மட்டும் காணாமல் போயிருந்தால் அது டைமண்ட்-பிளாக்ஃபேன் இரத்தசோகையாக இருக்கலாம். நியூட்ரோபில்கள் பாதிப் படியிலேயே முதிராமல் நின்றுவிட்டால் பிறவியிலேயே வரும் வெள்ளணுக் குறைபாடு. ஸ்வீடன் மருத்துவர் ரோல்ஃப் கோஸ்ட்மன் 1956-இல் விரிவாக எழுதிய நோய் இது. காலா அசார் என்ற மணல் ஈ வழிக் காய்ச்சலில், விழுங்கணுக்களுக்குள் லீஷ்மேனியா ஒட்டுண்ணிகள் புள்ளிபுள்ளியாய்க் குவிந்திருக்கும். கோஷே நோயில், கசங்கிய தாளைப் போன்ற உட்பகுதியோடு பெருத்த அணுக்கள் தென்படும். எதிர்ப்பாற்றல் கட்டுமீறிப்போன எச்.எல்.எச். என்ற நிலையில், விழுங்கணுக்கள் குழந்தையின் இரத்த அணுக்களையே விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

மஜ்ஜை காலியாக இருப்பதைக் கண்டால் அடுத்த கேள்வி, அது இடையில் வந்ததா பிறவியிலேயே வந்ததா என்பது. ஃபேன்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை நோயிலும் மஜ்ஜை காலியாகத்தான் தெரியும். தகட்டைப் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. குரோமோசோம்கள் எளிதில் உடைகின்றனவா என்று இரத்தத்தில் செய்யும் தனிப் பரிசோதனைதான் அதைக் காட்டும். இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஃபேன்கோனி குழந்தைகளின் உடல், ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு முன் வழக்கமாகக் கொடுக்கும் மருந்தளவைத் தாங்காது.

அறிக்கை எப்போது கையில் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காத்திருப்பதுதான் பெற்றோருக்குப் பெரிய வேதனை. சாயமேற்றிய தகட்டை அன்றோ மறுநாளோ பார்த்துவிடலாம். ஃப்ளோ சைட்டோமெட்ரி ஓரிரு நாளில் வரும். பயாப்சித் துண்டில் எலும்பு இருப்பதால், முதலில் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்த பிறகே மெல்லிய சீவல்களாக அறுக்க முடியும். அதற்குப் பல நாட்கள் ஆகும். குரோமோசோம், மரபணு முடிவுகள் வர வாரக்கணக்கிலும் ஆகலாம். ஆகவே முதலில் கிடைக்கும் தாள் முழு விடை அல்ல. எவையெல்லாம் வந்துவிட்டன, எவை வர வேண்டியிருக்கின்றன என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லுகேமியா என்று உறுதியாகிவிட்டால், சிகிச்சையின் முதல் மாத முடிவில் மீண்டும் மஜ்ஜையை எடுப்பார்கள். குழந்தை அதற்குள் தேறியிருக்கும், இரத்த எண்ணிக்கை ஏறியிருக்கும், இனி எதற்கு என்று தோன்றும். நுண்ணோக்கியிலும் நோயணு தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் எம்.ஆர்.டி. எனப்படும் எஞ்சிய நோய் அளவீடு, 10,000 அணுக்களில் ஒன்று நோயணுவாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். அந்த 0.01 சதவீதம்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருக்கும் குழந்தைகளில் பலருக்கு அளவான சிகிச்சையே போதும், வீணான நச்சுத்தன்மை மிச்சம். மேலே இருந்தால் மருந்தின் வீரியத்தைக் கூட்ட வேண்டும். முதல் பரிசோதனையைவிட இந்த இரண்டாவதைத் தள்ளிப்போடத்தான் குடும்பங்களுக்கு ஆசை வரும். குறித்த நாளில் செய்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. பத்து நாள் கழித்து எடுத்த அளவீட்டை எந்தக் கோட்டோடு ஒப்பிடுவது என்பதே குழப்பமாகிவிடும்.